கீழே இறங்கிய கூட்டம்

அந்த போனைக் கொஞ்சம் உள்ள வெச்சுக்கறீங்களா தம்பி. இல்ல, சும்மாதான் சொன்னேன். என் பக்கம் திருப்பிப் புடிச்சிருந்தீங்க, பேச்சு கீச்சு பதிவாகுதோன்னு பாத்தேன். பாட்டுக் கேட்டுட்டு இருந்தீங்களா, சரி சரி. தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பல்லாம் எவன் எதுக்கு போனை நீட்டறான்னே தெரியறதில்ல. ஒரு காலத்துல நான் இப்படிச் சந்தேகப்படற ஆளே கெடையாது. எங்க ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேக்க வேண்டாம். நானே சொல்றேன்.

ஈரோடுதான போறீங்க? நானும் ஈரோடுதான். பஸ்ஸு இந்த வேகத்துல போனா மத்தியானச் சோத்துக்குத்தான் போய்ச் சேரும்.

என் பேரு நாச்சிமுத்து. நெட்டக்காட்டுவலசு பஞ்சாயத்துல துணைத் தலைவரா இருந்தனுங்க. தலைவரு குழந்தைசாமின்னு ஒருத்தரு. நல்ல மனுசன், சத்தமாப் பேசத் தெரியாது. அதனால எல்லாக் காரியத்தையும் நான்தான் முன்ன நின்னு பண்ணுவேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு மாடி கட்டுனதே நான் அலைஞ்சு திரிஞ்சு வாங்குன நிதியிலதான். கீழ ரேஷன் கடை, மேல எங்க கூட்ட அறை. மேல பேன் உண்டு, ஜன்னலுக்கு நீலக் கண்ணாடி உண்டு, கதவைச் சாத்திட்டா ரேஷன் கடை இரைச்சல் ஒண்ணும் கேக்காது. நாங்க பேசறதும் கீழ கேக்காது. அதுக்கோசரம் சாத்தறதில்லீங்க. இரைச்சலுக்கோசரம்.

அப்ப எவ்வளவு ஒத்துமையா இருந்தோம் தெரியுமா? கூட்டம்னா டீ வரும், பஜ்ஜி வரும், தலைவரு என்ன பண்ணலாம்னு என்னைப் பாப்பாரு, நான் சொல்லுவேன், எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சிருவாங்க. ஒரு சண்டை சச்சரவு கெடையாது. பக்கத்துப் பஞ்சாயத்துல எல்லாம் நாற்காலியத் தூக்கி அடிச்சுக்குவாங்க. எங்களுது அப்படி இல்ல.

அப்பத்தான் அந்தச் சட்டம் வந்துச்சு. ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் மாற்றுத்திறனாளி ஒருத்தரை உறுப்பினராப் போடோணும்னாங்க. எலெக்சன்ல நிக்க வேண்டியதில்ல, நேரா நியமனம். கூட்டத்துல உக்காரலாம், பேசலாம். ஓட்டு மட்டும் போட முடியாது. எனக்கு அங்கயே உறுத்துச்சுங்க. ஓட்டே இல்லாத ஆளுக்கு எதுக்கு ஒரு நாற்காலி? வெறுமனே பேசறதுக்கு ஒரு ஆளை அரசாங்கம் செலவு பண்ணி உக்கார வெக்குமா? இதுக்குப் பின்னால என்னமோ இருக்குதுன்னு அன்னைக்கே தலைவருகிட்டச் சொன்னேன். அவரு ஆமாம்னாரு. அவரு எதுக்குமே ஆமாம்னுதான் சொல்லுவாரு.

சட்டம்னு வந்தப்பறம் நல்ல ஆளாப் போடலாமேன்னு நானும் ஒரு ரோசனை பண்ணுனேன். என் மச்சானுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். அவனை விண்ணப்பம் போடச் சொன்னேன். நேர்காணல்ல ஆபீசரு மெதுவா என்னமோ கேட்டிருக்காரு, இந்தக் கிறுக்கன் பட்டுன்னு பதில் சொல்லிப்போட்டான். போச்சு. அப்பறம் பாத்தா வசந்தாமணியப் போட்டிருக்காங்க.

வசந்தாமணி யாருன்னா, எங்க ஊரு பஸ் நிறுத்தத்துல பொட்டிக்கடை வெச்சிருக்கறவ. சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் வெளங்காது. மூணு சக்கர வண்டியிலதான் வருவா போவா. நாப்பது வயசிருக்கும், கல்யாணம் ஆகல. ஒரு கட்சியிலயும் இல்ல. அதுதான் எனக்குச் சந்தேகம். கட்சியில இருந்தா யாரு ஆளுன்னு தெரிஞ்சு போயிரும். எந்தக் கட்சியிலயும் இல்லாத ஒருத்திய எவன் சிபாரிசு பண்ணியிருப்பான்? விசாரிச்சேன். அவளே விண்ணப்பம் போட்டா, அவளே போனா, கெடச்சுதுங்கறாங்க. இதை நம்பற மாதிரியா இருக்குது?

மொதக் கூட்டம் வந்துச்சு. மாடிப்படி இருக்குதல்ல. நான் மனுசத்தன்மையோட ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். ரெண்டு தடிப்பசங்களை நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதுல உக்கார வெச்சு அலுங்காமத் தூக்கிட்டு வந்துருங்கடான்னு சொல்லியிருந்தேன். அந்தம்மா வண்டிய விட்டு எறங்கவே இல்ல. நான் மேல இருந்து எட்டிப் பாத்து, வா அம்மிணி, பசங்க தூக்குவாங்கன்னேன்.

"நான் என்ன சிமெண்ட் மூட்டைங்களாண்ணா?" அப்படின்னா. சத்தம் போட்டெல்லாம் சொல்லல. சிரிச்சுட்டுத்தான் சொன்னா. "எல்லாருக்கும் கால் நல்லாத்தான இருக்குது. நீங்க எறங்கி வாங்க."

எப்படி இருக்கும் எனக்கு? கீழ ரேஷன் கடையில ஆளுக நிக்கறாங்க. நான் பொறுமையாத்தான் சொன்னேன். அப்படின்னா நீ வூட்ல இரும்மா, என்ன பேசுனோம்னு வந்து சொல்லியனுப்பறோம், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுன்னேன். உதவிதான? அவ வண்டியிலயே உக்காந்து யூனியன் ஆபீசுக்குப் போன் போட்டா. பி.டி.ஓ. கொஞ்ச நேரத்துல தலைவருக்குக் கூப்பிட்டாரு. சட்டத்துல நியமிச்ச உறுப்பினரு வர முடியாத எடத்துல கூட்டம் போட்டா அந்தக் கூட்டமே செல்லாது, வண்டி ஏறச் சாய்தளம் கட்டற வரைக்கும் கீழ போடுங்கன்னுட்டாரு. தலைவரு ஆமாம்னுட்டாரு.

கீழ எங்க எடம் இருக்குது? ரேஷன் கடையும் அதோட கோடவுனும் போக, முன்னால ஒரு தகரக் கொட்டாய். மழைக்கு வரிசை நனையாம இருக்கட்டும்னு போட்டது. அதுலதான் மேசையும் நாற்காலியும் எறக்கிப் போட்டோம். அன்னைக்கு எறங்குன கூட்டம் தம்பி, இன்னைக்கு வரைக்கும் மேல ஏறல. சாய்தளம் கட்ட எடமில்லைன்னு எஞ்சினியர் எழுதிக் குடுத்துட்டாரு. அவரு யாருகிட்டப் பேசிட்டு எழுதுனாருன்னு எனக்குத் தெரியல.

அதுல இருந்து நான் கொஞ்சம் உசாரானேன். அவ கடைக்கு எதுத்தாப்புல ஒரு சலூன் இருக்குது. அங்க போய்ப் பேப்பரு படிக்கற மாதிரி உக்காந்துக்குவேன். யாரு வாராங்க, யாருகிட்டப் பேசறான்னு பாக்க வேண்டாமா? பாத்தா ஊரே வருது. டீச்சரு வாராங்க, நர்சம்மா வாராங்க, கரண்டு ஆபீஸ் லைன்மேன் வாரான், எதிர்க்கட்சிக்காரன் வாரான், நம்ம கட்சிக்காரனும் வாரான். எதுக்கு வந்தீங்கன்னு அப்பறமா விசாரிச்சா ஒருத்தன் தீப்பெட்டிங்கறான், ஒருத்தன் சோப்புங்கறான். எல்லாருகிட்டயும் ஒரு பதில் தயாரா இருக்குது. ரெண்டு மாசத்துல எனக்கு அஞ்சாறு தடவை சேவிங் பண்ணி, கன்னமெல்லாம் எரிச்சல் எடுத்துப் போச்சு. ஒண்ணும் புடிபடல. அவ்வளவு சாமர்த்தியமாப் பண்றாங்கன்னா பாத்துக்குங்க.

இந்த நேரத்துலதான் தொழிற்பேட்டைன்னு ஒரு பேச்சு, ஒரு நாயம் வந்துச்சு. கிராமத்துப் பக்கம் சின்னச் சின்னத் தொழிற்பேட்டை கொண்டு வரலாம்னு புதுசா ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. பொறம்போக்கு நெலம் இருந்தா, பஞ்சாயத்து ஆட்சேபணை இல்லைன்னு தீர்மானம் போட்டுக் குடுத்தா, மளமளன்னு வேலை நடக்கும். எங்க ஊருக்குத் தெக்கால பெரிய மேய்க்கால் கெடக்குது. வேலாமரமும் கொழுக்கட்டைப் புல்லும்தான். ஆடு மேயும், எருமை மேயும். அதைக் குடுத்தா நம்ம பசங்களுக்கு வேலை வருமல்ல? தெனமும் பனியன் கம்பெனி வண்டியில ஏறித் திருப்பூருக்குப் போறாங்க, உள்ளூர்லயே வேலை பாக்கலாமே. இதைச் சொல்லிட்டு மகாதேவன்னு ஒருத்தரு கோயமுத்தூர்ல இருந்து காருல வந்தாரு. என்ன வேலைன்னு சரியாத் தெரியாது, அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஆளு. நேரா என் வூட்டுக்குத்தான் வந்தாரு. தலைவரு வூட்டுக்குப் போகல. யாரு காரியக்காரன்னு வெளியூருக்காரனுக்குக் கூடத் தெரியுது பாருங்க.

இங்க ஒண்ணு சொல்லோணும். அந்த மேய்க்காலுக்கு ஒட்டுனாப்புல என் பூமி, வெள்ளாமைக் காடு வருது. அது என் பாட்டன் காலத்துல இருந்தே அங்கதான் கெடக்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும், தூக்கிட்டுப் போய் வேற பக்கம் வெக்க முடியுமா? பேட்டைக்குப் போற ரோடு என் காட்டு வழியா வந்தாச் சவுகரியம்னு மகாதேவன்தான் சொன்னாரு, நான் சொல்லல. பக்கத்துல கொஞ்சம் பூமிய தை மாசத்துல கிரயம் பண்ணுனேன், அது வேற நாயம். விக்கறவன் கஷ்டத்துல இருந்தான், வாங்குனேன். அதையும் இதையும் முடிச்சுப் போடப்படாது.

மகாதேவன் வூட்டுக்கு வந்தா நடு வூட்ல உக்காந்துதான் பேசுவோம். என் சம்சாரம் மரகதம் காப்பி கொண்டு வந்து வெப்பா, போவா. போன்ல பேசுனாலும் அப்படித்தான். அவ பாட்டுக்குக் காய் அரிஞ்சுட்டு இருப்பா, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருப்பேன். அவளுக்கு இதெல்லாம் வெளங்காது. கல்யாணம் பண்ணிட்டு வந்த நாள்ல இருந்து வெளி நாயம் எதுலயும் தலையிட மாட்டா. நல்லவ. ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனவ இல்ல.

தீர்மானம் போடற நாளும் வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து ரேஷன் கடைக்குப் பருப்பும் பாமாயிலும் வந்து எறங்கியிருக்குது. ரெண்டு மாசமா வராத பருப்பு அன்னைக்கு எப்படி வரும்? கடைக்காரப் பையன்கிட்டக் கேட்டா லோடு இன்னைக்குத்தான் வந்துச்சுங்கறான். நான் நம்பல. வரிசை கொட்டாயச் சுத்திக் கோயில் வரைக்கும் நிக்குது. எங்க நாற்காலிக்கும் வரிசைக்கும் நடுவுல ஒரு கயிறு கூடக் கெடையாது. எண்ணெய்ப் பாட்டலும் பையும் வெச்சுட்டு எங்க தலைக்கு மேல ஆளுக நிக்கறாங்க.

தலைவரு வழக்கம் போல வாய்க்குள்ளயே தீர்மானத்தப் படிச்சாரு. வசந்தாமணி கையத் தூக்குனா.

"தலைவரே, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்கு ஓட்டுத்தான் இல்ல, காது இருக்குது."

வரிசையில ஒரு சிரிப்பு. அப்பறம் எல்லாரும் எங்க பக்கம் திரும்பிட்டாங்க. அத்தனை பேரு நிக்கறாங்க, எடைபோடற சத்தம் மட்டும் கேக்குது. தலைவரு வேற வழியில்லாம மறுபடியும் படிச்சாரு. நான் எந்திரிச்சு வெளக்குனேன். நல்லாத்தான் பேசுனேன் தம்பி. வேலை வரும், ரோடு வரும், பஸ்ஸு வரும், நம்ம ஊரு இன்னொரு திருப்பூராகும்னு சொன்னேன். கை தட்டுவாங்கன்னு பாத்தேன். வசந்தாமணி ஒண்ணே ஒண்ணு கேட்டா, ஆடு மாடு எங்க மேயும்னு. இந்தக் காலத்துல யாரும்மா ஆடு மேய்க்கறாங்கன்னு நான் கேட்டேன். வரிசையில பாதிப்பேரு ஆட்டுக்காரங்கன்னு எனக்கு அப்ப ரோசனை வரல.

சரி, அதையும் சமாளிச்சிருப்பேன். அப்பத்தான் வரிசையில இருந்து ஒரு குரல் வந்துச்சு.

"ஏனுங்க, ரோடு நம்ம காட்டு வழியாத்தான வருதுன்னு சொன்னீங்க? தை மாசம் வாங்குனமே, அந்த எடமும் அதுல வருதுங்களா?"

மரகதம். என் சம்சாரம். கையில ஒயர் பை, அதுல பாமாயில் பாக்கெட். வூட்ல, சோத்துக்கு ரசம் ஊத்தட்டுங்களான்னு கேக்கறாளே, அதே குரல்ல கேக்கறா. கோவம் இல்ல, குத்தல் இல்ல. தெரியாததத் தெரிஞ்சுக்கற மாதிரிக் கேக்கறா.

  எல்லாரும் என்னையப் பாக்கறாங்க, அப்பறம் அவளப் பாக்கறாங்க. குழந்தைசாமி குனிஞ்சுட்டாரு. அதுக்கப்பறம் ஒவ்வொருத்தனாக் கேக்க ஆரம்பிச்சான். ரோடு எத்தனை அடி, வேலை யாருக்கு, தண்ணி எங்க இருந்து எடுப்பாங்க, சாயப்பட்டறை வருமா. அத்தனை வருசமா ஒரு கேள்வி கேக்காத ஊரு. தீர்மானத்தத் தள்ளி வெச்சாச்சு. அன்னைக்கு வந்திருந்த மகாதேவன் காருலயே உக்காந்து பாத்துட்டு, அப்படியே கெளம்பிப் போயிட்டாரு.

வூட்டுக்கு வந்து நான் மரகதத்து மேல கை நீட்டல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. அந்தப் பழக்கம் எனக்குக் கெடையாது. யாரு அப்படிக் கேக்கச் சொன்னாங்கன்னு மட்டும் கேட்டேன். யாரும் சொல்லலீங்க, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்னா. திரும்பவும் கேட்டேன். அதையே சொன்னா. சாப்பிடறப்பக் கேட்டேன், தண்ணி பாய்ச்சறப்பப் போய்க் கேட்டேன், தூங்கி எந்திரிச்ச ஒடனே கேட்டேன், அப்ப உண்மை வருமுன்னு சொல்லுவாங்கல்ல. அதே பதில்தான். அந்த வாரம் வூட்டுக் கறிவேப்பிலை வசந்தாமணி கடையில வாங்குனதுன்னு தெரிஞ்சுது. எங்க தோட்டத்துலயே கறிவேப்பிலை மரம் இருக்குதுங்க. கேட்டா, மரத்துல பூச்சி வந்துருச்சுங்கறா. போய்ப் பாத்தேன். பூச்சி இருக்கத்தான் இருந்துச்சு. ஆனாலும் பாருங்க.

அந்த அஞ்சு வருசமும் முடிஞ்சு எலெக்சன் வந்துச்சு. புதுசா வார்டு பிரிச்சாங்க, என் வார்டு பொம்பளைங்க வார்டு ஆயிப்போச்சு. அதுலயும் ஒரு கை இருக்குதுன்னு நெனைக்கறேன். சுத்தி இத்தனை வார்டு இருக்க, சுழற்சியில என்னுது மட்டும் எப்படி மாறும்? இன்னும் ரெண்டு வார்டும் மாறுச்சு, அது கண்ணு மறைக்கறதுக்கு.

நான் சளைக்கல. மரகதத்த நிறுத்துனேன். பேரு அவளுது, காரியம் நம்முது, ஊரு ஒலகத்துல நடக்கறதுதான? கையெழுத்துப் போடும்மான்னேன், போட்டா. நோட்டீஸ்ல என் போட்டோவப் பெருசா மேல போட்டு, அவ போட்டோவக் கீழ போட்டேன். ஓட்டுக் கேக்கப் போனா நான் பேசுவேன், அவ கும்புட்டுட்டு நிப்பா. மத்தியானத்துல நான் செத்த கண்ணசருவேன். அப்ப அவ வெளிய போவா. மகளிர் குழுப் பொம்பளைங்களப் பாத்துட்டு வாறேன்னுவா. போய்ட்டு வாம்மான்னேன். பொம்பளைங்க பேச்சுத்தான, இந்த வெயில்ல என்ன பண்ணீரப் போறாங்க?

ஜெயிச்சா. சும்மா ஜெயிக்கல. நான் நின்னப்ப விழுந்ததுக்கு ரெண்டு பங்கு ஓட்டு. எதுத்து நின்ன பொம்பளைக்கு டெப்பாசிட் போச்சு. எல்லாம் என் பேருக்கு விழுந்ததுதான், அதுல சந்தேகமில்ல. மாலை கூட எனக்குத்தான் போட்டாங்க. மொதல்ல எனக்கு, அப்பறம் அவளுக்கு.

பதவி ஏத்துட்டு மொதக் கூட்டம். அதே தகரக் கொட்டாய். வசந்தாமணியத் திரும்பவும் நியமனம் பண்ணியிருந்தாங்க. நான் வெள்ளை வேட்டி கட்டி, மரகதத்தக் கூட்டிட்டுப் போய், அவளுக்கு ஒரு நாற்காலியும் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலியும் போட்டு உக்காந்தேன். யூனியன்ல இருந்து ஒரு அம்மா ஆபீசரு வந்திருந்தாங்க, சின்ன வயசு. நீங்க யாருங்கன்னாங்க. நான் சிரிச்சேன். நான் யாருன்னு கேக்கறாங்களே. உறுப்பினரு வூட்டுக்காரருங்கன்னு யாரோ சொன்னாங்க. உறுப்பினரோட சொந்தக்காரங்க யாரும் கூட்டத்துல உக்காரப்படாதுன்னு உத்தரவு இருக்குது, நீங்க எந்திரிச்சுக்குங்கன்னாங்க.

நான் மரகதத்தப் பாத்தேன். அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரு இருக்கட்டுங்கன்னு சொல்லியிருந்தா அந்தம்மா விட்டிருக்கும். அவ சேலை முந்தானைய இழுத்து மடியில வெச்சுட்டு நேராப் பாத்துட்டு இருந்தா. வசந்தாமணிதான் பேசுனா.

"அண்ணா, வரிசையில நிக்கலாமே. அங்க நின்னா எல்லாம் கேக்கும்."

கேலியா, அக்கறையா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. போய் நின்னேன். அன்னைக்கு வரிசையில மூணு நாலு பேருதான், சக்கரை மட்டும் போட்டாங்க. எனக்குச் சக்கரை வேண்டாம், சும்மா நின்னேன். கடைக்காரப் பையன் கார்டு எங்கன்னான். எடுத்துட்டு வரலடான்னேன்.

அப்பத்தான் மரகதம் பேசுனா. தொழிற்பேட்டை நாயத்த மறுபடி எடுத்தாங்க. மகாதேவன் வேற வழியில எழுதிக் கேட்டிருக்காரு போல. மரகதம் எந்திரிச்சு நிக்கறா. எனக்குப் பயமாப் போச்சு, பாவம் எதாவது ஒளறிப் போடுவாளேன்னு.

"பேட்டை வரட்டுங்க, வேண்டாங்கல. எங்க பசங்களுக்கும் புள்ளைங்களுக்கும் வேலை வேணும்," அப்படின்னா. "மேய்க்கால் வேண்டாங்க. வடக்கால மூடிக் கெடக்கற மில்லு எடத்தக் கேளுங்க. அங்க ரோடு ஏற்கெனவே இருக்குது, புதுசா யாரு காட்டுலயும் போட வேண்டியதில்ல. சாயப்பட்டறை மட்டும் வரக்கூடாதுன்னு தீர்மானத்துலயே எழுதிருங்க."

அவ்வளவுதான். உக்காந்துட்டா.  நான் கண்ணை மூடிட்டுக் கேட்டிருந்தா வேற யாரோன்னு நெனச்சிருப்பேன். தலைவரு, இப்ப வேற ஒருத்தரு, சரிங்கறாரு. ஒருத்தரு பாக்கியில்லாம எல்லாரும் கையத் தூக்கறாங்க. வசந்தாமணிக்குத் தூக்க முடியாதல்ல, ஓட்டு இல்லியே. அவ மேசையத் தட்டுனா. மில்லு எடத்த அளந்து பாக்க அதிகாரிங்க வந்துட்டுப் போயிட்டாங்க. மகாதேவன் இப்ப என் போனை எடுக்கறதில்ல.

நான் கேக்கறது இதுதான் தம்பி. மில்லு எடம்கற ரோசனை மரகதத்துக்கு யாரு சொன்னது? ஏற்கெனவே ரோடு இருக்குது, யாரு காட்டுலயும் போட வேண்டியதில்லைங்கறாளே, அது யாரு பேச்சு? அந்த வார்த்தையெல்லாம் அவளுது இல்லீங்க. யாரோ எழுதிக் குடுத்துப் பாடம் பண்ணியிருக்கா. வசந்தாமணியா, டீச்சரா, அந்த ஆபீசரம்மாவா, எதிர்க்கட்சியா. ஒவ்வொருத்தராப் பாத்துட்டு வாறேன். கடைசியில எனக்கு எங்க மக மேலயே சந்தேகம் வந்துருச்சு. ஈரோட்டுல கட்டிக் குடுத்திருக்கோம், நல்லாப் படிச்சவ, ஒரு ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்கறா. அம்மாளும் மகளும் தெனமும் போன்ல பேசறாங்க. நான் கிட்டப் போனாக் கொழம்பு நாயம் பேசற மாதிரி இருக்குது. இன்னைக்கு அவளைத்தான் பாக்கப் போறேன். சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னா மொகத்துல தெரிஞ்சிருமல்ல.

மரகதத்துகிட்ட நேத்துக் கூடக் கேட்டேன். தோசை சுட்டுட்டு இருந்தா. உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்கறாங்க, சொல்லிப்போடு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்னேன். அவ தோசையத் திருப்பிப் போட்டுட்டுச் சொல்றா, "இத்தனை வருசமா நீங்க பேசறதத்தாங்க கேட்டுட்டு இருக்கறேன்." நான் சொல்லிக் குடுத்தேங்கறாளா? நான் எப்பச் சொன்னேன்? நான் மில்லு எடத்தச் சொல்லவே இல்லியே. பேச்ச மாத்தறா, பாத்தீங்களா. பழக்கி விட்டிருக்காங்க.

ஊர்ல என்ன சொல்றாங்கன்னா, மரகதம் அவளாவேதான் பேசறா, நல்ல தலையிருக்குது அந்தம்மாளுக்குன்னு. கேட்டுட்டு எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. நீங்களே சொல்லுங்க தம்பி, நீங்க வெளியூரு, உங்களுக்கு ஒரு பக்கமும் இல்ல. நானும் அவளும் முப்பது வருசத்துக்கு மேல ஒரே வூட்ல இருக்கறோம். எதுத்தாப்புல உக்காந்துதான் சாப்பிடறேன். அப்படியெல்லாம் பேசத் தெரிஞ்சவளா இருந்தா, என்கிட்ட ஒரு நாளாவது பேசியிருக்க மாட்டாளா?